புரோ கார்டு யாருக்கு?

1991-ஆம் ஆண்டு போலந்தின் கட்டோவிட்சே நகரில் உலக அமெச்சூர் பாடிபில்டிங் போட்டி நடந்தது. ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வாங்கியவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற ஊரில் ரோந்து போகும் போலீஸ்காரர். பெயர் ரானி கோல்மன். போட்டி, மேடை என்பதிலெல்லாம் முதலில் அவருக்கு நாட்டமே இல்லை. அங்கிருந்த மெட்ரோஃப்ளெக்ஸ் ஜிம்மின் உரிமையாளர் பிரையன் டாப்சன்தான், போட்டிக்கு இறங்குவதாக இருந்தால் சந்தாவே வேண்டாம் என்று சொல்லி அவரை இழுத்துவந்தார். கட்டோவிட்சே தங்கத்தோடு கோல்மனுக்குப் புரோ கார்டும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு சிகாகோ போட்டியில் அவருக்கு 11-ஆவது இடம். நியூயார்க்கில் நடந்த ‘நைட் ஆஃப் சாம்பியன்ஸ்’ போட்டியில் 14-ஆவது. பாடிபில்டிங்கின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் பட்டியலின் அடிவரிசை. முதல் புரோ வெற்றி 1995-ல் கனடாவில்தான் வந்தது. 1997 ஒலிம்பியாவில்கூட ஒன்பதாம் இடத்தைத் தாண்ட முடியவில்லை. 1998-ல் பட்டம் வென்றார். அதிலிருந்து 2005 வரை தொடர்ந்து எட்டு முறை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. புரோ ஆன பிறகும் பல ஆண்டுகள் போலீஸ் வேலைதான் அவருடைய சோற்றுக்கு வழி.

‘தொழில்முறை வீரர்’ என்றதும் நமக்குச் சம்பளமும் ஒப்பந்தமும்தான் நினைவுக்கு வரும். பாடிபில்டிங்கில் அப்படி எதுவும் கிடையாது. புரோ கார்டு என்பது ஓர் அனுமதிச் சீட்டு. பரிசுப் பணம் வைக்கும் போட்டிகளில் மேடையேறலாம், அவ்வளவுதான். அதையும் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முட்டை, இறைச்சி, பயிற்சியாளர் கட்டணம், விமான டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் பெரும்பாலோருக்குக் கைக்காசு. ஸ்பான்சர் கிடைத்தால் பாரம் குறையும், கிடைப்பவர்கள் சிலர்தான்.

அப்படியிருந்தும் அந்தச் சீட்டுக்காகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று கேட்டால், பல ஆண்டுகள் ஜிம்மில் கழித்தவர்களிடமிருந்துகூடத் தெளிவான பதில் வருவது அரிது.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும். நார்ம் எனப்படும் போட்டித் தகுதி மூன்று எடுக்க வேண்டும். 1988-ல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அவர் எந்த ஊரில் ஆடினார் என்பதை வைத்து யாரும் அந்தப் பட்டத்தின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எதிரில் உட்கார்ந்தவரின் பலமும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. பாடிபில்டிங்கில் இப்படி ஒரு வரம்பு கிடையாது. இத்தனை அங்குலப் புஜம், இத்தனை சதவீதக் கொழுப்பு இருந்தால் புரோ என்று எந்த விதிப் புத்தகமும் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த மேடைக்கு வந்தவர்களுக்குள் நீங்கள் எத்தனையாவது என்பதுதான் கேள்வி. வந்தவர்கள் வலுவானவர்களாக இருந்தால் நல்ல உடம்பும் வெறுங்கையோடு திரும்பும். கூட்டம் மெலிந்த நாளில் சுமாரான உடம்புக்கும் கார்டு கிடைக்கும்.

ஆகவே ஒருவரைப் புரோ என்று சொல்லும்போது மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். எந்த அமைப்பு கொடுத்தது? எந்தப் பிரிவில்? அந்த மேடையில் எத்தனை பேருக்கு? இவை தெரியாதவரை அந்தச் சொல்லில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

கதை அமெச்சூர் என்ற சொல்லில் தொடங்குகிறது. அமெரிக்காவில் மிஸ்டர் அமெரிக்கா போட்டியை நீண்டகாலம் நடத்திவந்த அமெச்சூர் அத்லெடிக் யூனியன், விளையாட்டுக்காகக் காசு வாங்கியவரைச் சேர்க்காது. லண்டனில் நாபா என்ற அமைப்பு நடத்திய மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டிதான் 1952-ல் அமெச்சூருக்கும் தொழில்முறைக்கும் தனித்தனி வரிசை வைத்தது. அந்த முதல் ஆண்டிலேயே தொழில்முறை வரிசையில், உயரம் குறைந்தோர் பிரிவில் வென்றவர் ஓர் இந்தியர். மனோகர் ஐச்.

நான்கடி பதினோரு அங்குல உயரம். இன்றைய வங்கதேசத்தில் உள்ள கொமில்லா பகுதியில் 1912-ல் பிறந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்தபோது ஓர் அதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனார். எடை தூக்கும் பயிற்சியை முறையாகப் பழகியது சிறைக்குள்தான். ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ என்று உலகம் அவரைக் கூப்பிட்டது. 2016-ல் கொல்கத்தாவில் 104 வயதில் இறந்தார். தொழில்முறைப் பட்டத்தை வாங்கியவருக்கு அந்தத் தொழில் என்ன கொடுத்தது என்று பார்த்தால், சர்க்கஸிலும் மேடைகளிலும் உடல்வலிமை காட்டிப் பிழைத்த நீண்ட வாழ்க்கைதான் தெரிகிறது.

அமெரிக்கக் கண்டத்தில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மான்ட்ரியால் நகரத்துச் சகோதரர்களான ஜோ வீடரும் பென் வீடரும் 1946-ல் ஐஎஃப்பிபி என்ற சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கியவர்களுக்கு அதற்குமேல் போட்டியிட இடமில்லை, வருமானமும் இல்லை. சாம்பியன்கள் தங்களுக்குள் மோத ஒரு மேடை வேண்டும் என்று ஜோ வீடர் 1965-ல் மிஸ்டர் ஒலிம்பியாவை உருவாக்கினார். நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த முதல் போட்டியில் வென்றவர் லாரி ஸ்காட்.

உச்சி மேடை ஒன்று வந்ததும், அதில் ஏற யாருக்குத் தகுதி என்று முடிவு செய்பவர்களின் கை ஓங்கியது. 1971-ல் அது வெளிப்படையாகத் தெரிந்தது. மூன்று முறை ஒலிம்பியா வென்ற செர்ஜியோ ஒலிவா அந்த ஆண்டு நாபா போட்டியில் கலந்துகொண்டார் என்பதற்காக ஐஎஃப்பிபி அவரை ஒதுக்கியது. பாரிஸில் நடந்த ஒலிம்பியா மேடையில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் தனியாளாக நின்று, எதிரியே இல்லாமல் பட்டம் வாங்கினார்.

1990-ல் இன்னொரு மோதல். மல்யுத்தக் காட்சிகளை நடத்திப் பெயர் வாங்கிய வின்ஸ் மக்மஹோன், உலகப் பாடிபில்டிங் கூட்டமைப்பு என்ற பெயரில் தனி அமைப்பு தொடங்கி, ஐஎஃப்பிபி புரோக்கள் 13 பேரைச் சம்பள ஒப்பந்தம் போட்டு இழுத்துக்கொண்டார். போட்டி நடத்தும் அமைப்பே வீரர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பது பாடிபில்டிங்கில் அரிதான ஒன்று. 1991-லும் 1992-லுமாக இரண்டு போட்டிகள் நடந்தன. 1992 முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். போனவர்கள் பழைய இடத்துக்குத் திரும்ப விரும்பியபோது அபராதம் கட்டித்தான் உள்ளே வர முடிந்தது. புரோ கார்டு திறந்துவிடும் கதவு ஒன்று என்றால், அதே கார்டு அடைத்துவைக்கும் கதவுகளும் உண்டு. இந்தப் பக்கத்தைப் புதிதாக வருபவர்களுக்கு யாராவது சொல்லிவைப்பது நல்லது.

இன்று பெரும்பாலோர் புரோ கார்டு என்று சொல்வது ஐஎஃப்பிபி புரோ லீக் வழங்கும் கார்டைத்தான். அமெரிக்காவில் அதற்கான படிக்கட்டு என்பிசி எனப்படும் நேஷனல் ஃபிசிக் கமிட்டி. 1978-ல் அமெரிக்க அரசு அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்த பிறகு, பழைய யூனியனிடமிருந்து பாடிபில்டிங் பிரிந்தது; 1980-களின் தொடக்கத்தில் ஜிம் மேனியன் தலைமையில் என்பிசி தனி அமைப்பாக நின்றது. 1982-ல் நடந்த அதன் முதல் தேசியப் போட்டியில் வென்றவர் லீ ஹேனி. அவரே பிறகு 1984 முதல் 1991 வரை எட்டு ஒலிம்பியா பட்டங்களைக் குவித்தார். அந்தத் தேர்வு சரியாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கீழே அமெச்சூர் படிக்கட்டுக்கும் மேலே புரோ லீக்குக்கும் தலைவர் ஒருவரே: ஜிம் மேனியன். அரசோ ஒலிம்பிக் கமிட்டியோ இதற்கு மேலே உட்கார்ந்திருக்கவில்லை. தனியார் அமைப்பு வைத்த விதி, தனியார் அமைப்பு நியமித்த நடுவர், தனியார் அமைப்பு கொடுக்கும் கார்டு. அதனாலேயே அது மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் விதி மாறும்போது மேல்முறையீட்டுக்குப் போக வேறு வாசல் இல்லை என்பதை வீரர் தெரிந்துகொண்டுதான் மேடையேற வேண்டும்.

மேடையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

முடிவு பெரும்பாலும் மாலை விழாவில் தீர்மானிக்கப்படுவதில்லை. காலையில் நடக்கும் முன்தேர்விலேயே எல்லாம் முடிந்துவிடும். மேடைக்குப் பின்னால் போட்டியாளர்கள் மேல் முழுக்கப் பழுப்புச் சாயம். விளக்கு வெளிச்சத்தில் தசையின் கோடுகள் மங்கிவிடாமலிருக்க அந்தச் சாயம். சாயம் கலையாமலிருக்க யாரும் எதிலும் சாய்வதில்லை. சிலர் ரப்பர் பட்டையை இழுக்கிறார்கள், சிலர் தரையில் தண்டால் எடுக்கிறார்கள். தசைக்குள் ரத்தம் பாய்ந்து உடம்பு ‘பம்ப்’ ஆக வேண்டும். இடுப்பில் வட்டமான எண் வில்லை. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எண்தான். தலைமை நடுவர் ஐந்தாறு எண்களைச் சொல்லி முன்னால் வரச் சொல்வார். அதுதான் ‘ஃபர்ஸ்ட் கால் அவுட்’. அதில் எண் வந்தால் முதல் வரிசைப் போட்டியில் இருக்கிறோம் என்று அர்த்தம். வராதவரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓராண்டு உழைப்பு அரை நிமிடத்தில் கைவிட்டுப் போயிருக்கும்.

மதிப்பெண் முறை எளிது. ஒவ்வொரு நடுவரும் இடத்தை எழுதுவார்: முதலாம் இடம் என்றால் 1, இரண்டாம் இடம் என்றால் 2. மிக அதிகமும் மிகக் குறைவுமான எண்களை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தவர் வெற்றியாளர். உதாரணத்துக்கு ஏழு நடுவர் ஒருவருக்கு 1, 1, 2, 1, 3, 1, 2 என்றும், இன்னொருவருக்கு 2, 2, 1, 2, 1, 3, 1 என்றும் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு 3-ம் ஒரு 1-ம் போய்விடும். முதலாமவருக்கு 7, அடுத்தவருக்கு 8. நடுவர் ஒருவர் தன் தாளில் இரண்டு எண்களை மாற்றி எழுதியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். அந்த வகுப்பில் இரண்டு பேருக்குக் கார்டு உண்டு என்றால் இருவரும் புரோ. ஒருவருக்குத்தான் என்றால், ஒற்றைப் புள்ளியில் ஒருவர் புரோ, மற்றவர் அமெச்சூர்.

எத்தனை பேருக்கு என்ற கேள்வி இங்கேதான் கனக்கிறது. சில போட்டிகளில் எல்லா எடைப் பிரிவு வெற்றியாளர்களும் கடைசியில் மோதி, மொத்தப் பட்டம் வெல்லும் ஒருவருக்கு மட்டுமே கார்டு. வேறு சிலவற்றில் எடைப் பிரிவில் முதலிடம் போதும். ஜே கட்லர் 1996 என்பிசி தேசியப் போட்டியில் ஹெவிவெயிட்டில் முதலிடம் பெற்றார். மொத்தப் பட்டம் கிடைக்கவில்லை. ஆனாலும் கார்டு கிடைத்தது. பத்தாண்டு கழித்து 2006-ல் கோல்மனைத் தோற்கடித்து ஒலிம்பியா வென்றவர் அவர்தான். ஃபில் ஹீத் 2005-ல் யுஎஸ்ஏ போட்டியின் மொத்தப் பட்டத்தோடு புரோ ஆனவர். 2011-லிருந்து ஏழு ஒலிம்பியா. கதவு எவ்வளவு அகலமாக இருந்தது என்பதை வைத்து மட்டும் உள்ளே வந்தவரை எடைபோட முடியாது என்பதற்குக் கட்லர் ஒரு நல்ல உதாரணம்.

பழைய காலத்தில் பிரிவுகள் குறைவு. ஆண்களுக்குப் பாடிபில்டிங், பெண்களுக்குப் பாடிபில்டிங், பிறகு ஃபிட்னஸ். புதிய நூற்றாண்டில் ஃபிகர், 2010-ஐ ஒட்டிப் பிகினி, அதன்பின் ஆண்கள் ஃபிசிக், பெண்கள் ஃபிசிக், 2016-ல் கிளாசிக் ஃபிசிக், அண்மையில் வெல்னஸ் என்று அடுக்கடுக்காக வந்தன. சக்கர நாற்காலி வீரர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2018-ல் முதன்முறையாக ஒலிம்பியா மேடையில் அது நடந்தபோது ஹரால்ட் கெல்லி வென்றார்.

ஒவ்வொரு பிரிவும் வேறு உடம்பைக் கேட்கிறது. ஆண்கள் ஃபிசிக்கில் முழங்கால்வரை நீளும் அரைக்கால் சட்டை. தொடையை யாரும் மதிப்பிடுவதில்லை. அகன்ற தோளும் ஒடுங்கிய இடுப்பும்தான் பேச்சு. கிளாசிக் ஃபிசிக்கில் உயரத்துக்கு ஏற்ற எடை வரம்பு. தராசில் வரம்பைத் தாண்டியவர் அந்தப் பிரிவில் மேடையேற முடியாது. 1970-களின் உடலழகைத் திரும்பக் கொண்டுவருவது அதன் நோக்கம். வயிற்றை உள்ளிழுத்து நிற்கும் ‘வேக்யூம்’ போஸுக்குக் கைதட்டல் அதிகம். வெல்னஸ் பிரேசிலில் வளர்ந்த பிரிவு. இடுப்புக்குக் கீழே கனத்த தசையை வரவேற்கிறது. 2021-ல் அதன் முதல் ஒலிம்பியா பட்டமும் பிரேசிலின் ஃபிரான்சியெல் மட்டோஸுக்கே போனது.

இந்தப் பிரிவுகளை உயரத்தை வைத்து வகுப்புகளாக வெட்டுகிறார்கள். பெரிய தேசியப் போட்டிகளில் வகுப்புக்கு முதல் இருவருக்குக் கார்டு என்பது ஃபிசிக், ஃபிகர், பிகினி பிரிவுகளில் பழகிப்போன வழக்கம். எட்டு வகுப்பு என்றால் ஒரே இரவில் ஒரே பிரிவில் 16 புதிய புரோக்கள். இப்படி ஆண்டுக்குப் பல போட்டிகள். புரோக்கள் பெருகிவிட்டார்கள், கார்டுக்கு மதிப்பில்லை என்று பழையவர்கள் குறைபட்டுக்கொள்வதற்குக் காரணம் இந்தப் பெருக்கல் கணக்குதான்.

அந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி நியாயமில்லை. பிரிவுகள் பெருகியதால்தான் பெரும் தசையை விரும்பாத பெண்களுக்கும், நூறு கிலோவைத் தாண்ட எலும்பமைப்பு இடம்கொடுக்காத ஆண்களுக்கும் மேடை கிடைத்தது. டானா லின் பெய்லி 2011-ல் பெண்கள் ஃபிசிக்கில் முதல் புரோ கார்டை வாங்கினார். 2013-ல் அந்தப் பிரிவின் முதல் ஒலிம்பியாவையும் வென்றார். பிரிவே இல்லாதிருந்தால் அவரை எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்?

ஒரு பிரிவில் வாங்கிய கார்டு இன்னொரு பிரிவில் பூப்பதும் உண்டு. கனடாவின் கிறிஸ் பம்ஸ்டெட் 2016-ல், 21 வயதில், வட அமெரிக்கப் போட்டியின் பாடிபில்டிங் பிரிவில் வென்று புரோ ஆனார். ஆனால் அவர் உடம்பின் அளவு கிளாசிக் ஃபிசிக்கில்தான் கச்சிதமாகப் பொருந்தியது. 2019-லிருந்து 2024 வரை ஆறு முறை தொடர்ந்து பட்டம் வென்றுவிட்டு விடைபெற்றார். டெரெக் லன்ஸ்ஃபோர்ட் எதிர்த்திசையில் போனவர். சுமார் 96 கிலோ வரம்புள்ள ‘212’ பிரிவில் 2021-ல் ஒலிம்பியா வென்றார். பிறகு எடை வரம்பில்லாத பிரிவுக்குத் தாவி, 2023-ல் மிஸ்டர் ஒலிம்பியா ஆனார். இரண்டு பிரிவுகளில் ஒலிம்பியா வென்ற முதல் மனிதர் அவர்.

பெயரளவில் எல்லாரும் புரோ. பணத்தில் அப்படியில்லை. 2023-ல் லன்ஸ்ஃபோர்டுக்குக் கிடைத்த முதல் பரிசு 4 லட்சம் டாலர். அதே வார இறுதியில் கிளாசிக் பட்டம் வென்ற பம்ஸ்டெட்டுக்கு 50,000 டாலர். பெண்கள் பாடிபில்டிங்கில் மிஸ் ஒலிம்பியா வென்ற ஆண்ட்ரியா ஷாவுக்கும் 50,000தான். எட்டு மடங்கு இடைவெளி. பம்ஸ்டெட்டுக்கு ரசிகர் கூட்டமும் சொந்த வியாபாரமும் இருந்தன. பத்தாம் இடத்தில் நிற்கும் ஒரு பிகினி புரோவுக்கு அவை இல்லை.

அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்களுக்குப் பாதை இன்னும் வளைந்தது. எகிப்தில் மீன்பிடித் தொழிலிலிருந்து வந்த மம்தூ எல்ஸ்பியாய், குவைத்தின் ஆக்சிஜன் ஜிம்மில் உடம்பை வளர்த்து, 2012-ல் அங்கேயே நடந்த அமெச்சூர் ஒலிம்பியாவில் கார்டு வாங்கினார். அடுத்த ஆண்டே நியூயார்க் புரோவை வென்று ‘பிக் ராமி’ ஆனார். இப்படிப் பல நாடுகளில் அமெச்சூர் ஒலிம்பியா நடத்தித் தகுதி கொடுக்காமல் இருந்திருந்தால், அமெரிக்கா போக வழியில்லாத அவரைப் போன்றவர்களை உலகம் பார்த்திருக்காது. ஈரானின் ஹாதி சூபான் கார்டும் வெற்றிகளும் கையில் வைத்துக்கொண்டே விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 2019-ல் முதன்முறையாக ஒலிம்பியா மேடை ஏறியதும் மூன்றாம் இடம், 2022-ல் பட்டம். தகுதிக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு தூதரகக் கவுன்டர் நிற்கும் என்பதை எந்த விதிப் புத்தகமும் எழுதிவைப்பதில்லை.

2017-ல் ஐஎஃப்பிபி என்ற வீடே இரண்டானது. புரோ லீக்கும் என்பிசியும் ஒருபுறம். ஸ்பெயினைத் தலைமையிடமாகக் கொண்ட பழைய சர்வதேச ஐஎஃப்பிபி மறுபுறம். அதன்பின் சர்வதேச ஐஎஃப்பிபி ‘எலீட் புரோ’ என்று தன் கார்டைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கியது. புரோ லீக் ‘என்பிசி வேர்ல்டுவைட்’ என்ற பெயரில் நாடு நாடாகத் தகுதிப் போட்டி நடத்தத் தொடங்கியது. இரண்டு கார்டிலும் ஐஎஃப்பிபி என்ற எழுத்து இருக்கிறது. ஆனால் மிஸ்டர் ஒலிம்பியாவுக்கு வழி புரோ லீக் கார்டில்தான். கார்டு வாங்கும் ஆசையில் போட்டிக்குப் பணம் கட்டும் இளைஞர், போஸ்டரில் இருக்கும் சின்னத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கட்டுவது நல்லது.

இந்தியாவில் இந்தக் குழப்பம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. அரசு அங்கீகரித்த இந்தியக் கூட்டமைப்பான ஐபிபிஎஃப், இந்த இரண்டு முகாமிலும் இல்லை. டபிள்யூபிபிஎஃப் என்ற வேறொரு உலக அமைப்போடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் எஸ். பாஸ்கரன் 2019-ல் அர்ஜுனா விருது பெற்றது இந்த வழியில் வந்துதான். ரயில்வே, ராணுவம் போன்ற துறைகளின் ஆணழகன்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, மாதச் சம்பளத்தோடு மேடையேறுகிறார்கள். ஆக, நம் ஊரில் அமெச்சூருக்குச் சம்பளம் வருகிறது. புரோவுக்குச் செலவு வருகிறது. ஆணழகன் பட்டத்தை நம்பிக் குடும்பத்தை நடத்தும் ஒருவர், புரோ கார்டைப் பார்த்து அவசரப்படாமல் இருப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

ஊக்கமருந்து பயன்படுத்தாதவர்களுக்குத் தனி உலகம் உண்டு. டபிள்யூஎன்பிஎஃப் என்ற அமைப்பு தரும் புரோ தகுதிக்குப் பல ஆண்டுகள் மருந்தில்லாமல் இருந்திருக்க வேண்டும்; பாலிகிராஃப் கருவி முன் உட்கார வேண்டும்; சிறுநீர்ச் சோதனையும் உண்டு. அங்கே புரோ என்ற சொல்லுக்குள் உடம்பு எப்படி வந்தது என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது. பெரிய மேடையில் அந்தக் கேள்வியை ஒருமுறை தீவிரமாகக் கேட்டுப் பார்த்தார்கள். 1990-ல் ஆர்னால்ட் கிளாசிக் என்ற போட்டியில் சோதனை நடந்தது. வென்ற ஷான் ரே பட்டத்தை இழந்தார், மைக் ஆஷ்லிக்கு அது போனது. அந்தக் கண்டிப்பு நீடிக்கவில்லை.

நீடிக்காததன் விலை சிறியதல்ல. அதே 1990-ல், பர்மிங்காம்காரரான டோரியன் யேட்ஸ் நைட் ஆஃப் சாம்பியன்ஸில் தன் முதல் புரோ போட்டியில் இறங்கினார். பிரிட்டிஷ் பட்டம் வென்று கார்டு வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. இரண்டாம் இடம் கிடைத்தது. அன்று அவரை வென்றவர் முகமது பெனாசிசா. யேட்ஸ் 1992-லிருந்து ஆறு முறை ஒலிம்பியா சாம்பியன் ஆனார். பெனாசிசா அதே 1992-ல் ஹாலந்தில் ஒரு புரோ போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். மேடையில் தோல் காகிதம்போல் தெரிய வேண்டும் என்று மருந்தால் உடம்பின் நீரை வற்றவைத்ததில் இதயம் நின்றுவிட்டது. கார்டைத் தக்கவைத்துக்கொள்ள யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏறிய மேடையில் வறண்ட உடம்புக்குத்தான் முன்வரிசை கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக, பெண்கள் பாடிபில்டிங். 1980-ல் ரேச்சல் மெக்லிஷ் முதல் மிஸ் ஒலிம்பியா ஆனார். ஐரிஸ் கைல் 2014-ல் பத்தாவது முறையாகப் பட்டம் வென்றார். அதோடு போட்டியையே நிறுத்திவிட்டார்கள். பெண் பாடிபில்டர்களிடம் கார்டு இருந்தது. போய்ச் சேர உச்சி மேடை இல்லை. 2015-ல் ஜேக் வுட்டின் நிறுவனம் ‘ரைசிங் ஃபீனிக்ஸ்’ என்ற போட்டியைத் தொடங்கி அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது. 2020-ல் வுட் ஒலிம்பியாவையே விலைக்கு வாங்கினார். அந்த டிசம்பரில் ஆர்லாண்டோவில் மிஸ் ஒலிம்பியா திரும்பவும் நடந்தது. ஆண்ட்ரியா ஷா வென்றார். அதே ஆர்லாண்டோ வார இறுதியில், தகுதிப் போட்டிக்குப் போக முடியாமல் கொரோனாவில் சிக்கியிருந்த பிக் ராமி சிறப்பு அழைப்பில் உள்ளே வந்து மிஸ்டர் ஒலிம்பியா ஆனார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் மிஸ் ஒலிம்பியாவுக்கென்று உடம்பை வளர்த்த பெண்களுக்கு அப்படி ஓர் அழைப்பு அனுப்ப ஒரு போட்டியே இருக்கவில்லை.